தனக்கு எடுக்கும் துணி மட்டும் ஏன் உறுத்துகிறது?

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு எடுத்த சேலை, வீட்டு வாசலைத் தாண்டும்போது ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. "தள்ளுபடியில போட்டிருந்தாங்க" என்று ஒரு சமாளிப்பு. பை நேராக பீரோவின் அடித்தட்டுக்குப் போகிறது. சில வாரம் கழித்துக் கட்டும்போது யாராவது "புதுசா?" என்று கேட்டால், "இல்லையே, எப்பவோ எடுத்தது" என்று இன்னொரு சமாளிப்பு. சொந்தச் சம்பளத்தில், யாரிடமும் கடன் வாங்காமல் ஒரு சேலை எடுத்த பெண், தன் வீட்டுக்குள்ளேயே கடத்தல்காரியைப் போல நுழைய வேண்டியிருக்கிறது.

ஆண்களிடம் இது வேறு விதமாக வெளிப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரம் குடும்பத்தோடு ஜவுளிக்கடைக்கு வரும் அப்பா, எல்லோருக்கும் எடுத்து முடித்து பில் போடும் நேரத்தில், "எனக்கு எதுக்கு? போன வருஷம் எடுத்த சட்டையே மடிப்புக் கலையாம இருக்கு" என்பார். உள்ளே போட்டிருக்கும் பனியனில் ஓட்டை இருக்கும். அதே மனிதர் மகனின் ஐயாயிரம் ரூபாய் ஷூவுக்கு முகம் சுளிக்காமல் பணம் எடுத்துக் கொடுப்பார்.

இதைச் சிக்கனம் என்று சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். சிக்கனம்தான் காரணம் என்றால் அந்த ஷூவும் இதே கேள்வியைச் சந்தித்திருக்க வேண்டும். விலையைப் பார்த்து வரும் தயக்கம் வேறு; யாருக்காக வாங்குகிறோம் என்று பார்த்து வரும் தயக்கம் வேறு. அரசாங்கம்கூட விலையை மட்டுமே பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். உடுத்தப்போவது அம்மாவா மகளா என்று எந்த வரி அதிகாரியும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வீடுதான் கேட்கிறது, பெரும்பாலும் வாங்குபவரின் மனத்துக்குள் உட்கார்ந்துகொண்டு.

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தாலர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் கச்சிதமான உதாரணம் இருக்கிறது. ஒருவர் கடையில் 125 டாலர் விலையுள்ள கம்பளி ஸ்வெட்டரைப் பார்த்து ஆசைப்படுகிறார். இவ்வளவு விலையா, ஆடம்பரம் என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறார். அதே மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு மனைவி அதே ஸ்வெட்டரை வாங்கிப் பரிசளிக்கிறார். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், கணவன் மனைவி இருவருக்கும் இருப்பது கூட்டு வங்கிக் கணக்கு மட்டும்தான். போனது அதே பணம், வந்தது அதே ஸ்வெட்டர். மாறியது எந்தத் தலைப்பில் செலவு எழுதப்பட்டது என்பது மட்டுமே. மனிதர்கள் பணத்தை மனத்துக்குள் தனித்தனி உண்டியல்களில் போட்டு வைக்கிறார்கள் என்ற இந்த ஆய்வுகளும் சேர்ந்துதான் தாலருக்கு 2017இல் பொருளாதார நோபலைப் பெற்றுத் தந்தன.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த உண்டியல் கணக்கு புதிதல்ல. பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு டப்பா, சீட்டுக்கு ஒன்று, ஊர்க் கோயில் கொடைக்கு ஒன்று. நகைக்கும் உண்டு, தங்கம் எடுத்தால் அது செலவே இல்லை, சேமிப்பு. இரண்டு கிராம் மோதிரத்துக்கு வராத குற்ற உணர்வு, அதில் பத்தில் ஒரு பங்குகூட விலை இல்லாத பருத்திச் சேலைக்கு வருகிறது. "எனக்கு" என்று எழுதிய டப்பா வீட்டில் கிடையாது. ஆகவே தனக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறு யாருடைய டப்பாவிலிருந்தோ எடுத்ததாகத் தோன்றுகிறது.

அப்படியானால் இந்த வீடுகளில் அம்மாக்களிடம் துணியே இல்லையா? நிறைய இருக்கிறது. பீரோவைத் திறந்தால் மேல் தட்டு முழுக்க, கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போன இடத்தில் வைத்துக் கொடுத்த சேலைகள். ரவிக்கைத் துணிகள் தனிக் கட்டு. அவற்றில் பாதி இன்னொரு வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலத்தோடு கிளம்பக் காத்திருப்பவை. நாத்தனார் எடுத்தது, சம்பந்தி எடுத்தது, மருமகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டது. தாலரின் ஸ்வெட்டர் கதை இங்கே ஒரு படி கூடுதலாகப் போகிறது. பரிசாக வந்தால் உறுத்தல் இல்லை, உண்மைதான். ஆனால் நிறம், கரை, கனம் எல்லாம் பிறர் தேர்வு. அறுபது சேலை இருக்கும் பீரோவில் அவராகவே ஆசைப்பட்டு, விரித்துப் பார்த்து, தோளில் போட்டுப் பார்த்து எடுத்தது எத்தனை என்று கேட்டால், யோசித்துத்தான் பதில் வரும்.

எளிய உடையை ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இந்த மண்ணில் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையைத் துறந்து நான்கு முழ வேட்டிக்கு மாறினார். கதர் வாங்க வழியில்லாத ஏழைகளை நினைத்து எடுத்த முடிவு அது. அதன் பிறகு கசங்கிய கதரும் நரைத்த வேட்டியும் பொது வாழ்வில் நேர்மையின் அடையாளமாயின. எளிமையாக உடுத்துபவர் நல்லவர் என்ற எண்ணம், நன்றாக உடுத்துபவர் எதையோ பறித்துக்கொண்டவர் என்ற சந்தேகமாகவும் மெல்ல மாறியது.

இதே மண்ணின் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காந்தி மதுரையில் சட்டையைத் துறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டையோ கோட்டோ பனியனோ போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. செருப்பும் குடையும் கூடாது. தெற்கே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் மகாடில் கூடிய பெண்களிடம் உடையைப் பற்றியே பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதை விடுங்கள், கணுக்கால் வரை இறக்கிக் கட்டுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றார். அவரும் பெரும்பாலும் நேர்த்தியான கோட்டு சூட்டில்தான் பொதுவெளியில் நின்றார். உடையைத் துறப்பது அது கைவசம் இருந்தவரின் அறம். உடுத்துவது மறுக்கப்பட்டவரின் அறம். இந்த இரண்டாவது வரலாற்றை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததால்தான், வீட்டு வேலை செய்து சம்பாதிக்கும் பெண் நல்ல சேலை கட்டினால் "இவளுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்ற பேச்சு இன்றும் எழுகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் விழத் தொடங்கியது. பெயரிலேயே உரிமை இருக்கிறது. அதில் மருந்து வாங்கினால் பாராட்டு, சுங்குடிச் சேலை எடுத்தால் "இதுக்கா அரசாங்கம் கொடுக்குது?" என்ற கேள்வி.

மறுதரப்பு வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. பிறருக்குச் செலவழிப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி பொய்யல்ல. எலிசபெத் டன்னும் அவருடைய சகாக்களும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொன்னது. கையில் சிறு தொகை கொடுத்து மாலைக்குள் செலவழிக்கச் சொன்னபோது, தனக்காகச் செலவழித்தவர்களைவிடப் பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பேத்திக்குப் பட்டுப்பாவாடை, பேரனுக்குப் பட்டுச்சட்டை என்று எடுத்துக் கொடுக்கும் பாட்டிக்கு இதை விஞ்ஞானிகள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு தனக்கென்று எதுவும் எடுக்காதே என்று சொல்லவில்லை.

இன்னொரு வாதம் இன்னும் கனமானது. துணி என்பது தண்ணீரும் சாயமும் பிறர் உழைப்பும் சேர்ந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்தபோது 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலிவு விலை ஆடையைப் பற்றி உறுத்தல் வேண்டுமென்றால், அது வர வேண்டிய இடம் இது.

வீடுகளிலோ இது தலைகீழாக நடக்கிறது. சலுகை விற்பனையில் தலா இருநூறு ரூபாய்க்கு வாங்கிய ஆறு குர்தி உறுத்துவதில்லை. "சீப்பா கிடைச்சுது" என்பதே அதற்குப் பாவமன்னிப்பு. ஆயிரத்து ஐநூறுக்கு ஒரே ஒரு கைத்தறிச் சேலை எடுத்தால் மூன்று நாள் தூக்கம் வருவதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்து ஐநூறு ரூபாய்ச் சேலையை முப்பது முறை கட்டினால், ஒரு முறைக்கு ஐம்பது ரூபாய். இருநூறு ரூபாய் குர்தி இரண்டு சலவையில் சாயம் போய்த் தரை துடைக்கப் போனால், ஒரு முறைக்கு நூறு ரூபாய். ஃபால்ஸ் தைக்கும் கூலி, ரவிக்கைத் தையல் கூலி எல்லாவற்றையும் சேர்த்தாலும் கைத்தறியே சிக்கனம். அந்தப் பணம் போய்ச் சேரும் இடமும் முக்கியம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்; அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள்.

கடன் அட்டையில் தேய்த்து, தவணையில் மாட்டி, கட்டாமல் அடுக்கி வைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உரிமம் தரவில்லை. அங்கே வரும் உறுத்தலுக்கு நியாயம் இருக்கிறது. அதைக் கேட்பது நல்லது. இங்கே பேச்சு, வசதி இருந்தும் தன் முறை வரும்போது மட்டும் கையை இழுத்துக்கொள்பவர்களைப் பற்றியது.

அவர்களுக்கு அறிவுரையைவிட ஏற்பாடு உதவும். ரான் கிவெட்ஸ், இதமார் சைமன்சன் ஆகியோரின் 2002 ஆய்வில், பரிசாக மசாஜ் போன்ற சொகுசு வேண்டுமா, அதைவிடச் சற்றுக் கூடுதலான ரொக்கம் வேண்டுமா என்று கேட்டபோது, கணிசமானோர் சொகுசையே கேட்டார்கள். ரொக்கமாக வாங்கினால் அது மளிகைக்கோ வாடகைக்கோ போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் மனம் தகராறு செய்வதில்லை. 1935இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், மாதந்தோறும் ஒரு தொகை கட்டி, முடிவில் கட்டியதைவிடக் கூடுதல் மதிப்புக்குத் துணி எடுக்கும் சேமிப்புத் திட்டத்தை நடத்துகிறது. அந்தப் பணத்துக்குத் துணிதான் எடுக்க முடியும், பால் பாக்கிக்குத் திருப்ப முடியாது என்பதே அதன் பெரிய வசதி. வீட்டிலேயே தனி உறையில் மாதம் இருநூறு போட்டு வைத்தாலும் வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு ஆகிவிடும்.

உறையின் மேல் பெயர் எழுத வேண்டும். தீபாவளிப் பட்டியலிலும் அப்படித்தான். பிள்ளைகள், மாமியார், வீட்டு வேலைக்கு வருபவர் என்று எழுதி, மிச்சம் இருந்தால் தனக்கு என்று விடாமல், பட்டியல் போடும்போதே அம்மா, அப்பா என்ற இரண்டு பெயருக்கும் நேரே தொகையை எழுதிவிட வேண்டும். சம்பாதிக்கும் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். அவர்களே ஒரு சேலையை எடுத்து வந்து நீட்டுவதற்குப் பதிலாக, கூட்டம் தொடங்கும் முன் புரட்டாசியிலேயே ஒரு வார நாளில் அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போய், கடைக்காரர் எத்தனை சேலையை விரித்துப் போட்டாலும் அவசரப்படுத்தாமல் உடன் உட்கார்ந்திருக்கலாம். பில்லை வாங்கி மறைத்து வைக்கத் தேவையில்லை. அப்பாவுக்கு இரண்டு பனியனையும் அப்போதே சேர்த்து எடுத்துவிடலாம்.