பருத்தியும் குளிர் தாங்கும்

பழைய சேலை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நாலு ஓரமும் மடித்துத் தைத்து, நடுவில் கோடு கோடாக நூலோட்டம் போட்ட போர்வை விருதுநகர் மாவட்டம் பாலவனத்தம் பக்கத்து வீடுகளில் இன்னும் கொடியில் தொங்குகிறது. மார்கழிப் பனியில் பிள்ளைகளை அதற்குள்தான் சுருட்டிப் படுக்கவைப்பார்கள். அதில் ஒரு சேலையை மட்டும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும். அவ்வளவு நைந்த துணி. அதே துணி மூன்று சேர்ந்ததும் குளிர் எப்படி அடங்கியது?

இந்தக் கேள்வியை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்கு டெல்லி போகிறார்கள், வேலைக்கு லண்டனும் டொரன்டோவும் போகிறார்கள். கொடைக்கானலில் தை மாத விடியலில் பத்து டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும். அங்கே விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் உண்டு. “நம்ம கைத்தறித் துணியிலேயே குளிருக்கு ஒரு நல்ல கவுன் தைத்துக்கொள்ளலாமா?” என்று அவர்கள் கேட்டால், துணிக்கடையிலும் தையல்கடையிலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: “காட்டன் வெயிலுக்குத்தான், குளிருக்கு உல்லன் வாங்குங்க.” பதில் சொல்கிறவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால் நல்ல துணி ஒன்று வெயில்காலத்தோடு ஒதுங்கிக் கிடக்கிறது.

எந்தத் துணியும் சூடு தருவதில்லை. சூடு நம் உடம்பினுடையது. துணி அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. அந்த வேலையையும் நூல் செய்வதில்லை, நூலுக்கு நடுவிலும் மடிப்புக்கு நடுவிலும் சிக்கிக்கொண்ட காற்று செய்கிறது. அசையாமல் நிற்கிற காற்று சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. மூன்று சேலைக்கு இடையில் இரண்டு காற்றுப் படலம் இருக்கிறது. நூலோட்டம் அதைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து, ஓடவிடாமல் நிறுத்துகிறது. போர்வையின் கணக்கு இவ்வளவுதான். வங்காளத்துக் காந்தாவும், உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் ஜெய்ப்பூர் ரஜாயும் இதே கணக்கில் வந்தவைதான். இரண்டும் பருத்தி. ஜீன்ஸ் துணி பருத்தி. கார்டுராய் பருத்தி. மேலே பொசுபொசுவென்று மயிர் எழுப்பிய காட்டன் ஃபிளானலும் பருத்தி. குளிர்நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்துகிற துணிகள் இவை.

கம்பளிக்கு உள்ள சிறப்பை மறைக்கவும் கூடாது. கம்பளி இழை பிறவியிலேயே சுருண்டது. கசங்கினாலும் நிமிர்ந்து மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஈரப்பதத்தில் அது தன் எடையில் 16 சதவீத அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பருத்தி ஏறக்குறைய 8 சதவீதம்தான். அதைவிட முக்கியம், நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்துவது. ஆகவே தூறலிலும் பனிப்பொழிவிலும் மேலுடையாகப் பருத்தியை நம்பக்கூடாது. வியர்க்க வியர்க்க மலையேறவும் அது ஆகாது. வறண்ட குளிருக்கு, கட்டடத்துக்குள் புழங்குவதற்கு, பெரிய கோட்டுக்கு உள்ளே போடுவதற்கு அது முழுக்கப் போதும். கடைக்காரர் சொன்ன பதிலில் சரியான பாதி அந்த ஈரக் குளிரைப் பற்றியதுதான்.

நம் பக்கத்தில் கம்பளி ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. ஆட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் இது. ஆனால் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசலில் மேயும் வேம்பூர் ஆடு மயிராடு. வெயிலுக்கு வாகாகக் குட்டை மயிரோடு பிறந்த இனம். கத்தரித்து நூற்க அதில் கம்பளி கிடையாது. இந்த மண் தந்தது பருத்தியை.

மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் என்று பாலவனத்தத்தைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் அந்த ஊரைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தில் ஒருகாலத்தில் விளைந்தது கருங்கண்ணி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, பிறகு மண்ணில் தேங்கிய ஈரத்தையும் பனியையும் குடித்தே வளர்ந்து, மாசிக்குப் பின் வெடிக்கும் நாட்டுப் பருத்தி. கருங்கண்ணியும் உப்பம் என்ற இன்னொரு நாட்டுப் பருத்தியும் கலந்த பொதிகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் ‘டின்னி’ என்ற பெயரில் கப்பல் ஏறின. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியில் ரகம் ரகமாகத் தெரிந்தெடுத்து வெளியிட்டது. ஆனால் மில்லுக்கு வேண்டியிருந்தது நீள இழை. கம்போடியா பருத்தி வந்தது, வீரிய ரகங்கள் வந்தன, 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. கருங்கண்ணி ஓரத்துக்குப் போய்விட்டது. அதை மறுபடி வாங்கி, நூற்று, கைத்தறியில் நெய்து உடையாக்க முயல்பவர்கள் சிலர் உண்டு. சென்னையில் இயங்கும் ‘துலா’ அத்தகைய அமைப்புகளில் ஒன்று.

கருங்கண்ணியின் குறை என்று சொல்லப்பட்டதை நம் கேள்வியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் இழை குட்டை, சற்று முரடு. மெல்லிய நூலுக்கு இழுபடாது. 10, 20 என்ற நம்பர் நூலுக்கே வாகானது. நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. பத்தாம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 8,400 கெஜம். எண்பதாம் நம்பரில் 67,200 கெஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். சேலைக்கு 60, 80, 100 என்று மெலிந்த நூல்தான் அழகு. குளிருடைக்குத் தடித்த, லேசாக முறுக்கிய, பொசுபொசுப்பான நூல் வேண்டும். அதில்தான் காற்று தங்கும். சேலைக்கு ஆகாது என்று தள்ளிய நூல் இங்கே தகுதியாகிவிடுகிறது. பத்தாம் நம்பர் பாவும் ஊடையுமாக, ஜீன்ஸில் காண்கிற சாய்கோட்டு நெசவில், நான்கு மிதி போட்டு நெய்தால் குழித்தறியிலேயே நல்ல கனமான துணி இறங்கும். அருப்புக்கோட்டை வட்டாரத்துக்குத் தறி புதிதில்லை. கேட்பவர்தான் வேண்டும்.

துணி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வருத்தங்கள் இனிமேல்தான் தொடங்குகின்றன. “கைத்தறியில் சுடிதார் தைத்தேன், ஒரே சலவையில் சுருங்கிவிட்டது” என்று அலுத்துக்கொள்ளாத வீடில்லை. சுருங்கியது உண்மை. தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த பாவு, முதல் தண்ணீர் பட்டதும் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது; மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர் குறைவது சாதாரணம். மில் துணியை ஆலையிலேயே சுருக்கி அனுப்புவார்கள், கைத்தறிக்கு அந்த வேலை நம் வீட்டில் நடக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். லைனிங் துணிக்கும் இதே வேலை செய்தாக வேண்டும். மேல்துணியை மட்டும் நனைத்து, லைனிங்கை அப்படியே வைத்துத் தைத்தால் முதல் சலவையில் லைனிங் உள்ளே இழுத்து, உடை முழுக்கச் சுருக்கம் விழும். தையல்காரர் மேல் போடுகிற பழியில் பாதி இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததால் வருவது.

அடுத்தது நூலோட்டத் திசை. கரைக்கு இணையாக ஓடுவது பாவு. உடையின் நீளம் பாவின் வழியே விழுந்தால் துணி தொங்காது, கோணாது. கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு ஏன் அப்படி ஒட்டி நிற்கிறது என்பது நம் பெண்களுக்குத் தெரியும்: துணியைக் கோணத்தில் வெட்டும்போது அது இழுபட்டு வளைகிறது. அதே குணத்தைக் குளிருடையில் இரண்டே இடத்தில் பயன்படுத்தலாம். ஒன்று காலரின் அடித்துண்டு. அதைக் கிராஸில் வெட்டி, மேல்துண்டைவிட நூலளவு சிறிதாக வைத்தால் காலர் கழுத்தைச் சுற்றித் தானாக மடிந்து படியும், நுனி மேலே தூக்காது. இன்னொன்று ஓரப் பைப்பிங். மற்ற இடமெல்லாம் நேர் நூல்தான். கனத்த கைத்தறியைக் கிராஸில் பாவாடையாக வெட்டினால் ஒரு மாதத்தில் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

கனத்த துணிக்கு வடிவமும் வேறு. பாவாடைச் சட்டைக்குப் போடுகிற மாதிரி இடுப்பில் சுருக்கம் வைத்தால் மூட்டை கட்டியது போல உப்பும். கலி வைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் நாலைந்து அகலமான பிளீட் போதும். மார்புக்கு டக் பிடிப்பதைவிட பிரின்சஸ் கட் நல்லது. டக்கில் துணி உள்ளே மடிந்து தடிக்கும். பிரின்சஸ் கட்டில் அந்த மடிப்பே கிடையாது, வளைவு இணைப்பிலேயே வந்துவிடும். அளவு எடுக்கும்போது உள்ளே போடப்போகும் பனியனோ ஸ்வெட்டரோ உடம்பில் இருக்க வேண்டும். பிளவுஸுக்கு ஒன்றிரண்டு இஞ்சு லூஸ் விடுகிற கை, இங்கே மார்பில் நாலு இஞ்சாவது விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அழகு கூடலாம், காற்றுக்கு இடம் போய்விடும். கழுத்தும் கை நுனியும் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். சூடான காற்று மேலே ஏறுவது. அகலக் கழுத்து வைத்த உடை எத்தனை தடித்திருந்தாலும் அடுப்பு மூடியைத் திறந்து வைத்தது போலத்தான்.

தையலுக்கு விடும் துணியில் கஞ்சத்தனம் கூடாது. தளர்ந்த நெசவு பிசிறும். அரை இஞ்சு விட்டால் பிசிறிப் பிசிறித் தையலையே எட்டிவிடும். முக்கால் முதல் ஒரு இஞ்சு விட்டு, உள்ளே மடித்து, ஜீன்ஸ் பேன்ட்டில் போல டபுள் தையல் போடலாம். ஊசி 16 அல்லது 18ஆம் நம்பர். தையல் கொஞ்சம் நீளமாக.

நான் அதிகம் சொல்ல விரும்புவது உள்ளே வைக்கிற அடுக்கைப் பற்றி. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே, மார்பிலும் முதுகிலும் மட்டும், நைந்து மென்மையான பழஞ்சேலையோ வேட்டியோ ஓர் அடுக்கு வைத்து, இரண்டு இஞ்சுக்கு ஒரு கோடாகக் கையால் நூலோட்டம் போடுங்கள். மார்கழிப் போர்வை அப்படியே உடைக்குள் வந்துவிடும். அம்மாவின் சேலையோ பாட்டியின் சேலையோ நெஞ்சோடு இருப்பது வேறு வகைச் சூடு. அதைக் கருவி வைத்து அளக்க முடியாது, அணிந்தவருக்குத் தெரியும். கைகளுக்கு மட்டும் வழுவழுப்பான லைனிங் போடுங்கள். பருத்தியோடு பருத்தி உரசினால் கை நுழையாது. கீழ் ஓரத்தில் லைனிங்கை மேல்துணியோடு சேர்த்துத் தைக்காமல் தனியே தொங்கவிட வேண்டும்.

சேலையையே வெட்டி உடையாக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையும் உடலும் ஒரே மாதிரி நெய்தவை அல்ல. கரையில் நூல் நெருக்கம் அதிகம், சுருங்கும் அளவும் வேறு. கரையை உடலோடு விட்டு கவுனின் அடியோரமாக வைத்தால் சலவைக்குப் பின் அலையலையாய் நிற்கும். கரையைத் தனியே வெட்டி, நனைத்து, தேய்த்து, கைப்பட்டியிலோ முன்பக்கத்து பட்டன் பட்டியிலோ வைத்துப் பாருங்கள். அங்கே அதன் நெருக்கமே பலமாகிவிடும், காஜா கிழியாது. கட்டம் போட்ட துணியென்றால் பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். அதற்கு அரை மீட்டர் கூடுதலாக எடுத்துக்கொடுங்கள்.

சாயத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘மெட்ராஸ் செக்ஸ்’ நினைவுக்கு வருகிறது. 1958இல் கைத்தறி ஏற்றுமதியாளர் சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர் வாங்கிய கைத்தறித் துணி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாக விற்றது. குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்ற செய்தி வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் கசிந்தது, புகார் குவிந்தது. பிறகு, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கசிந்து மாறுவதுதான் இந்தத் துணியின் குணம் என்று விளம்பரத்திலேயே சொன்னார்கள். அதே துணியைத் தேடி வாங்கினார்கள். துணி மாறவில்லை, அதன் குணம் சொல்லப்பட்டது. நம் நெசவாளர் சங்கக் கடைகளில் விற்கும் ஒவ்வொரு துணியோடும் நூல் நம்பர், சுருங்கும் அளவு, சலவை முறை மூன்றையும் ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவில்லை. கொடுக்க வேண்டும் என்று இந்தப் பத்தியில் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை: ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், வெளிர்நிற லைனிங் வேண்டாம்.

கூலி விஷயம் பேசாமல் விடமுடியாது. மேலே சொன்ன வேலைகளை எண்ணிப் பாருங்கள்: நனைப்பு, கட்டம் சேர்ப்பு, மூன்று அடுக்கு, கைநூலோட்டம், காலர், இரண்டு முறை டிரையல். இது ஒரு பிளவுஸின் வேலை இல்லை, ஒரு சுடிதாரின் வேலையும் இல்லை. பிளவுஸ் கூலியோடு இரண்டு பங்கு சேர்த்துக் கொடுத்துவிட்டு நேர்த்தியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டு, நாள் கணக்கில் பேசுங்கள். நம் ஊர்த் தையல்காரருக்கு இந்த உடை புதிதாக இருக்கலாம். முதலில் மலிவான காடாவில் ஒன்றை வெட்டி, போட்டுப் பார்த்து, திருத்திக்கொண்டு பிறகு நல்ல துணியில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காடாவுக்கும் காசு கொடுங்கள்.

இந்த வேலையை மார்கழியில் தொடங்காதீர்கள். தீபாவளி வரை தையல்கடையில் நிமிர்ந்து பேச ஆளிருக்காது. கார்த்திகையில்தான் அவர்கள் கை ஓயும். துணியை அதற்கு முன்பே, ஆவணிக் காற்று வீசும்போதே நனைத்து உலர்த்தி, தேய்த்து மடித்து வைத்துவிடுங்கள். அடியோரத்தில் இரண்டு இஞ்சு உள்ளே மடிப்பு விடச் சொல்லுங்கள், அணிகிற பிள்ளை இன்னும் வளருவாள்.