"நான் பார்த்தேன்" என்று பிள்ளை சொன்னால்...



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வாக்குவாதம். பேரன் ஒருவன் 'ஹாலோவீன்' என்ற பழைய ஆங்கிலத் திகில் படத்தைப் பற்றி எழுதியிருந்தான். அதற்கு உறவினர் ஒருவர், "பெத்தவங்க இல்லாத நேரத்துல வயசுப் பிள்ளைங்க கூத்தடிச்சா இப்படித்தான் ஆகும். படம் சொல்ற நீதி இதுதான்" என்று பதில் போட்டார். நிறைய பேர் கைகூப்பி ஆமோதித்திருந்தீர்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அது சொல்வது அதுவல்ல. குழுவில் நாலு வரியில் முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

"டீச்சருக்குக் கொலைப் படம் எதுக்கு?" என்று சிரிக்காதீர்கள். விடைத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் போடக் கூடாது என்பதுதான் என் பழக்கம்.

முதலில் படத்தைப் பற்றி. 1978 அக்டோபரில் வந்தது. இயக்கியவர் ஜான் கார்ப்பென்டர். அவரோடு சேர்ந்து கதை எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில் என்ற பெண்மணி. செலவு சுமார் 3 லட்சம் டாலர்தான். ஹாலிவுட் கணக்கில் அது பெட்டிக்கடை முதலீடு. கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் டிரெக்' தொடரில் கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னரின் முக அச்சு. கடையில் 2 டாலருக்கும் குறைவாக வாங்கி, வெள்ளைச் சாயம் அடித்து, கண் துளையைப் பெரிதாக்கினார்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில். அதனால் காகித இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள். இசையையும் கார்ப்பென்டரே போட்டார். அவருடைய அப்பா சங்கீதப் பேராசிரியர். சிறுவயதில் அவர் சொல்லிக்கொடுத்த 5 எண்ணிக்கைத் தாளம்தான் அந்தப் புகழ்பெற்ற பியானோ ஓசைக்கு அடிப்படை.

அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூல். 2006ல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. இத்தனைக்கும் திரையில் ரத்தம் மிகக் குறைவு.

இனி கதை. ஹாடன்ஃபீல்ட் என்ற சிற்றூர். 1963ல் மைக்கேல் என்ற ஆறு வயதுப் பையன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் மனநலக் காப்பகத்தில் இருந்துவிட்டு, தப்பித்து அதே ஊருக்கு வருகிறான். அன்று அக்டோபர் 31, ஹாலோவீன் திருநாள். பிள்ளைகள் எல்லாம் வேடம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் நாள். முகமூடி போட்ட ஒருவனை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். லாரி, ஆனி, லிண்டா என்ற மூன்று பள்ளித் தோழிகளை அவன் பின்தொடர்கிறான். லாரி மட்டும் பிழைக்கிறாள்.

லாரி அடக்கமானவள், படிப்பில் கெட்டி. மற்ற இருவரும் ஆண் நண்பர் உள்ளவர்கள். இதை வைத்துத்தான் "ஒழுக்கமான பெண் பிழைத்தாள், மற்றவர்கள் செத்தார்கள்" என்று சொல்கிறார்கள். நம் உறவினர் மட்டுமல்ல, அமெரிக்க விமர்சகர்களும் அப்படி எழுதினார்கள். அதைக் காப்பியடித்து வந்த பல படங்கள் அதையே வாய்ப்பாடாக்கவும் செய்தன. ஆனால் தான் அப்படி ஒரு நீதி சொல்ல வரவில்லை என்று கார்ப்பென்டர் மறுத்திருக்கிறார். அவர் சொன்னதை விடுங்கள், படத்தையே பார்ப்போம்.

லாரியும் அன்று மாலை தோழியின் காரில் கஞ்சா புகைக்கிறாள். அப்புறம் ஒழுக்கக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

சரி, இரவில் இந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? ஊர் சுற்றவில்லை. லாரியும் ஆனியும், பெற்றோர் வெளியே போன வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கே பள்ளி மாணவிகள் கைச்செலவுக்குச் செய்கிற வழக்கமான வேலை அது. டெப்ரா ஹில்லும் சிறுவயதில் செய்த வேலைதான். அக்கா செத்தது தன் படுக்கையறையில். ஆனி செத்தது வீட்டுக் கார் கொட்டகையில். லிண்டா மாடி அறையில், அவள் நண்பன் அடுக்களையில். எல்லாம் கௌரவமான தெருவில், கூரைக்கு அடியில். "பிள்ளையை வீட்டுக்குள்ள வை" என்பதை இந்தப் படத்தின் நீதி என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? முதல் கொலையைச் செய்ததே சொந்தத் தம்பி!

எனக்கு அந்தப் படத்தில் முகமூடியைவிடப் பயமானது வேறொன்று.

பகலிலேயே லாரி அவனைப் பார்த்துவிடுகிறாள். வகுப்பறை ஜன்னல் வழியாக ஒரு முறை. தெருவோரச் செடிவேலிக்குப் பக்கத்தில் ஒரு முறை. துணி காயும் கொடிகளுக்கு நடுவில் ஒரு முறை. தோழியிடம் சொன்னால் தோழி வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்கிறாள். கொஞ்ச நேரத்தில் லாரிக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

இரவில், அவள் பார்த்துக்கொள்ளும் சிறுவன் டாமி எதிர்வீட்டைக் காட்டி "பூச்சாண்டி நிற்கிறான்" என்கிறான். லாரி பார்க்கும்போது யாரும் இல்லை. "பூச்சாண்டி எல்லாம் கிடையாது" என்று சமாதானம் சொல்கிறாள். பகலில் தனக்கு நடந்ததையே இரவில் அந்தக் குழந்தைக்குச் செய்கிறாள். மைக்கேலுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் லூமிஸ் "அவன் இங்கேதான் வந்திருக்கிறான்" என்று அடித்துச் சொல்கிறார். ஊர்க் காவல்துறைத் தலைவருக்கு அரை நம்பிக்கைதான். செத்துப்போன ஆனி அவருடைய மகள்.

பிறகு அந்தக் காட்சி. காயத்தோடு லாரி தெருவுக்கு ஓடிவந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ பார்க்கிறார்கள். விளக்கு அணைந்துவிடுகிறது. அவ்வளவுதான், சில நொடிகள். அந்த வீட்டுக்காரரிடம் கத்தி இல்லை, முகமூடி இல்லை. நம்மைப்போல ஒருவர்.

அவள் பிழைத்தது எப்படி? கையில் கிடைத்த பின்னல் ஊசி, சட்டை மாட்டும் கம்பி, இவற்றை வைத்துப் போராடினாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். பிள்ளைகளின் சத்தத்தை மதித்த ஒரே பெரியவர் அவர்தான். கடைசியில் "அது பூச்சாண்டியா?" என்று லாரி கேட்க, "ஆமாம்" என்கிறார். டாமி சொன்னது சரி என்று படம் முடியும்போதுதான் ஒரு பெரியவர் வாயால் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் செடிவேலிக் காட்சியை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பள்ளிக்கு வரும் வழியில் பம்புசெட் பக்கம் ஒருவன் தினமும் நிற்கிறான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். "மத்தவங்க கண்ணுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டார்களாம். பிறகு என்னிடம் சொன்னாள். நான் மற்ற பெண் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தலைமை ஆசிரியர் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். பிள்ளைகளைக் கூட்டமாக வரச் சொல்லி, வயல் வேலைக்குப் போகும் பெண்களைத் துணைக்கு வரச் செய்தோம். அவன் அந்தப் பக்கம் நிற்பது நின்றது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நானும் தலைமை ஆசிரியரும் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கெஞ்சினோம். அவள் திரும்பி வரவே இல்லை.

தப்பு செய்தவன் வழக்கம்போல் சைக்கிளில் சுற்றினான். உண்மை சொன்னவள் வீட்டுக்குள் அடைபட்டாள். வகுப்பில் மீதி இருந்த பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றார்கள்? "சொன்னா படிப்பு போயிடும்." நான் வருடக்கணக்கில் நடத்திய பாடங்களைவிட அது அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது.

அதனால்தான் "இப்படித்தான் ஆகும்" என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே போனாய், ஏன் போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் வாசல் விளக்கை அணைப்பதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் முன்பே தெரிந்தவர்தான். அவர்கள் முகமூடி போடுவதில்லை. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று உறவுப் பெயரில் வருவார்கள். பிள்ளை சொல்லாமல் நமக்குத் தெரிய வழியே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்கான படம். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

உங்களில் பலர் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். சிலர் ஆசிரியராகவும் இருக்கிறீர்கள். பிள்ளை "ஒருத்தர் என்னையே பார்க்கிறார்", "அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று சொன்னால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். முதல் வார்த்தையாக "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். பிறகு விசாரியுங்கள். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் இல்லாமல் போகலாம், போகட்டுமே. அந்தப் பத்தாவது முறையும் பிள்ளை நம்மிடம் வந்து சொல்ல வேண்டும் இல்லையா? உதவி வேண்டுமென்றால் 1098, குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி எண். எந்த நேரமும் அழைக்கலாம். அதைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள், வாய்ப்பாடு மாதிரி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்