சதுர மீற்றர் கணக்கு மட்டும் போதாது

வடக்கு, கிழக்கில் கண்ணிவெடி அகற்றும் பணிகள் பெரிதும் வெளிநாட்டு நிதியுதவியிலேயே நடைபெற்று வந்துள்ளன. ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளின் நிதியைப் பெறும் நிறுவனங்கள் காலத்துக்குக் காலம் முன்னேற்ற அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்த இலங்கை அரசும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30ஆம் திகதிக்குள் ஐ.நா. செயலாளர் நாயகத்துக்கு அறிக்கையிடக் கடமைப்பட்டுள்ளது. இக்கட்டுப்பாடுகள் வரவேற்கத்தக்கவையே.

ஆயினும், எத்தனை சதுர மீற்றர் துப்புரவாக்கப்பட்டது, எத்தனை வெடிகள் மீட்கப்பட்டன என்பதோடு மதிப்பீடு நின்றுவிடலாகாது. விடுவிக்கப்பட்ட காணியில் உரியவர் குடியேறினாரா, வயல் மீண்டும் உழப்பட்டதா என்பதே மெய்யான அளவுகோலாகும். முகமாலையிலும் முசலியிலும் மீளக்குடியேறிய தமிழ், முஸ்லிம் மக்களிடமும் இதனைக் கேட்டறிய வேண்டும். அறிக்கைகள் தமிழில் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் அவசியம் என வலியுறுத்துகின்றோம். அந்நிலத்தில் நாளை கால்பதிப்பவர்கள் அவர்களே அன்றிக் கொடையாளிகள் அல்லர்.