பத்து இலக்கத்துக்குப் பூட்டு

சென்ற மாதம் மைத்துனியின் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதற்காக நானும் என் மனைவியும் ஜவுளிக் கடை ஒன்றுக்குப் போயிருந்தோம். புடவை பொறுக்குவதற்குப் பிடித்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை; அது தனிப் புராணம். கடைசியில் பில் போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே உட்கார்ந்திருந்த பையன் தலை நிமிராமலே, "நம்பர் சொல்லுங்க ஸார்" என்றான். நானும் மந்திரத்தால் கட்டுண்டவன்போல் பத்து இலக்கத்தையும் கணீரென்று ஒப்பித்தேன். இருபது வருஷம் வகுப்பில் கத்திப் பழகிய குரல் அல்லவா? எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எட்டுப் பேரும் சந்தேகமறக் கேட்டிருப்பார்கள்.

அந்தப் பையன் என் சம்பளம் என்ன என்று கேட்டிருந்தால், "உனக்கு எதற்கப்பா?" என்று கேட்டிருப்பேன். எண்ணைக் கேட்டபோது மட்டும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கடையிலிருந்து மூன்று செய்திகள் வந்துவிட்டன. மறு வாரம், நான் கேள்விப்பட்டேயிராத ஒரு நகைச் சீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லி அழைத்து க்ஷேமலாபம் விசாரித்தார்.

டெலிபோன் எண்ணை மறைத்து வைக்க வேண்டும் என்ற நினைப்பே நம் முன்னோர்களுக்கு இருந்ததில்லை. 1882-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பட்டணங்களிலும் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. பின்னர் வெகு காலம் வரையில், டெலிபோன் வைத்திருப்பவரின் பெயர், விலாசம், எண் எல்லாம் டைரக்டரி என்னும் தடித்த புத்தகத்தில் அச்சாகி வந்தன. அதில் தம் பெயர் இருப்பதைக் கௌரவமாக எண்ணியவர்களே அதிகம். ஆனால் அந்த எண் வீட்டின் எண்; மனிதரின் எண் அல்ல. கூடத்தில் மணி அடித்தால் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்தான் எடுப்பார். வேண்டாத ஆசாமியை விரட்ட அவருடைய ஒரு கனைப்பே போதுமானதாயிருந்தது.

1995-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, மேற்கு வங்க முதன் மந்திரி ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசியபோது, நம் தேசத்தில் செல்போன் பிறந்தது. அந்த ஆரம்ப நாட்களில் நாம் பேசுவதற்கு மட்டுமல்ல, பிறர் நம்மைக் கூப்பிடுவதற்கும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆகையால் செல்போன் வைத்திருந்தவர்கள் எண்ணைக் கஞ்சன் கைக் காசுபோல் பொத்தி வைத்திருந்தார்கள். 2003-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து, கூப்பிடுகிறவரே கட்டணம் கொடுக்கும் முறை வந்தது. காசுத் தொல்லை ஒழிந்தது. கூடவே காவலும் ஒழிந்தது.

இதெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு விஷயம் வேடிக்கையல்ல.

எங்களுடன் கணிதம் போதிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். இவர் மாமியாருடனும் சிறு பெண்ணுடனும் இங்கே இருக்கிறார். வீட்டுப் பாடம் அனுப்புவதற்காக அவருடைய வகுப்புப் பெற்றோர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கப்பட்டது. அதில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் ஆசிரியையின் எண்ணைப் பார்க்க முடிந்தது. அந்த நாற்பத்திரண்டு வீடுகளில் அந்தச் செல்போன்களை யார் யார் கையில் எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாணவனின் உறவினன் ஒருவன் முதலில் "வணக்கம் டீச்சர்" என்றான். பிறகு தினமும் காலையில் ரோஜாப் பூப் படம் வந்தது. பிறகு இரவு பதினோரு மணிக்கு, "தூங்கியாச்சா?" என்று வந்தது. அந்த எண்ணைத் தடுத்தார். வேறோர் எண்ணிலிருந்து வந்தான்.

இரண்டு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் டீச்சர், என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்று பின்னால் கேட்டேன். "சொன்னால், 'நீ ஏன் நம்பர் கொடுத்தே?' என்றுதான் முதலில் கேட்பார்கள் ஸார்" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி என் மனத்திலும் எழுந்திருந்தது. குழுவைத் தொடங்கச் சொன்னதே நாங்கள்தான்!

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஸ்திரீயை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 78-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும். ஆனால் ஆசிரியை போலீஸுக்குப் போகப் பிரியப்படவில்லை. எண்ணையே மாற்றிவிட்டார். உண்மையான சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

இக்காலத்தில் எண் என்பது கூப்பிடுவதற்கு மட்டுமா இருக்கிறது? பாங்குக் கணக்கு, ஆதார், காஸ் சிலிண்டர், வருமான வரி எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. பழைய சிம் கார்டைத் தூக்கிப் போட்டதும் ரகசிய எண்கள் வருவது நின்றுபோயிற்று. ஆதாரில் எண்ணை மாற்ற அவர் நேரில் போக வேண்டியிருந்தது. பாங்கிலும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, "ஏனம்மா மாற்றுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு பொய் சொன்னார். கைவிட்ட எண் கம்பெனியிடம் சும்மா கிடப்பதும் இல்லை. குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம் என்று டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் சுப்ரீம் கோர்ட்டிலே தெரிவித்திருக்கிறது. ஆகவே எண்ணை விடுவதற்கு முன்னால் பாங்கு முதலான எல்லா இடங்களிலும் மாற்றி முடித்து, வாட்ஸ்அப் கணக்கையும் புது எண்ணுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் நினைவிருக்குமா?

அவர் தனியாள் அல்ல. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில், ரீசார்ஜ் கடைகளில் பெண்கள் கொடுத்த எண்களை விலைக்கு விற்றார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. அழகுக்குத் தக்கபடி விலையாம்! அடுத்த வருஷம் வோடபோன் கம்பெனி, தன் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லாமலே ரீசார்ஜ் செய்துகொள்ளும் வசதியைப் பெண்களுக்காக ஏற்படுத்திற்று.

சரி, பேச வேண்டும். ஆனால் எண் தெரியக் கூடாது. அதற்கு வழி என்ன?

அமெரிக்காவில் *67 என்று முன்னால் அழுத்திவிட்டுக் கூப்பிட்டால் எதிர்ப் பக்கத்தில் எண் தெரியாது. நம் தேசத்தில் அந்த வசதி சாமானிய ஜனங்களுக்கு இல்லை; விசேஷ அனுமதி பெற்ற சிலருக்கே உண்டு. செல்போனில் "எண்ணை மறை" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்று யாரும் அதை நம்பிவிட வேண்டாம். வேறு எண் தெரியும்படி ஏமாற்றிக் கொடுக்கும் செயலிகளின் பக்கமே போகக் கூடாது. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் அப்படிப்பட்ட தில்லுமுல்லுக்கு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 50 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

நேர்மையான முறையில் இதைச் செய்து காட்டியிருப்பவர்கள் வாடகைக் கார்க் கம்பெனிக்காரர்கள். செயலி மூலமாக டிரைவரை அழைக்கும்போது, கம்பெனியின் இயந்திரம் நடுவில் நின்று, தன்னிடமுள்ள ஓர் எண்ணின் வழியாக இருவரையும் இணைத்து வைக்கிறது. அந்த நடு எண்தான் இருவருக்கும் தெரியும். சவாரி முடிந்த பிறகு அதனால் பிரயோஜனம் இல்லை. பழைய காலத்தில் டெலிபோன் நிலையத்துப் பெண்மணி செருகியை எடுத்துச் செருகி இணைத்தாரே, ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் நாமாக, "அண்ணே, இந்த நம்பருக்கு வாங்க" என்று சொந்த எண்ணை டிரைவரிடம் கொடுத்துவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண்.

செய்தி அனுப்புவதற்குச் சிக்னல் என்ற செயலி இருக்கிறது. கணக்குத் தொடங்க எண் வேண்டும் என்றாலும், 2024 முதல் புனைபெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, எண்ணைத் தராமலே பிறருடன் தொடர்புகொள்ளலாம். டெலிகிராமிலும் புனைபெயர் உண்டு. எண்ணை யாருக்கும் காட்டாதே என்று அமைப்பில் சொல்லிவைக்க வேண்டும். காய்கறிக் கடையில் காசு அனுப்பும் யு.பி.ஐ. விஷயத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. சில செயலிகளில் நம் எண்ணே பண விலாசமாக அமைந்திருக்கும். வேறு பெயரில் விலாசம் உண்டாக்கிக்கொள்ளலாம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

ஆனால் குடும்பஸ்தர்களுக்கு எல்லாவற்றிலும் எளியதாக எனக்குப் படுவது இரண்டு எண் முறைதான். ஒன்று வீட்டுக்கும் பாங்குக்கும், மற்றொன்று ஊருக்கு. சாதாரணச் செல்போனிலேயே இரண்டு சிம் கார்டு போட இடம் இருக்கிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு ஒரே ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணிக்கு ஊர் எண்ணை அணைத்துவிட்டால், அதில் கூப்பிடுகிறவர்கள் காலை வரையில் காத்திருக்க வேண்டியதுதான். தொல்லை மிஞ்சினால் அதை விட்டொழிக்கலாம். பாங்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம் பெயரில் மொத்தம் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை அரசாங்கத்தின் சஞ்சார் சாதி வலைத்தளத்தில் பார்க்கலாம். நான் பார்த்தபோது, எப்போதோ வாங்கி மறந்துபோன ஒன்று என் பெயரில் உயிரோடிருந்தது!

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். மேற்படி விஷயம் காதில் விழுந்ததும் பள்ளிக்கூடச் செலவில் ஒரு போனும் சிம் கார்டும் வாங்கி ஆபீஸ் அறையில் வைத்தார். இப்போது எல்லா வகுப்புக் குழுக்களும் அந்த எண்ணிலிருந்துதான் நடக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கணித ஆசிரியை அந்தச் சாவியைத் தாமே கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

மறுபடியும் அந்த ஜவுளிக் கடைக்குப் போகும்படி நேர்ந்தது. ரவிக்கைத் துணி நிறம் பொருந்தவில்லையாம். போவதற்கு முன்னால் சிறிது படித்து வைத்துக்கொண்டு போனேன். எண் கொடுக்காவிட்டால் சாமான் தர மாட்டேன் என்று சொல்வது முறையற்ற வியாபாரம் என்று மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் இலாகா 2023 மே மாதத்திலேயே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தரங்கம் ஜீவாதார உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு, வாதப் பிரதிவாதத்துக்குத் தயாராக நின்றேன்.

"நம்பர் சொல்லுங்க ஸார்" என்றான் அதே பையன்.

"நம்பர் தருவதாக உத்தேசமில்லை தம்பி" என்றேன்.

இந்தத் தடவை அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "சரிங்க ஸார்" என்று சொல்லிவிட்டு, தானே பத்து ஒன்பதுகளைத் தட்டினான். பில் வந்துவிட்டது.