கைராசி மட்டும் போதுமா?



சிகாமட் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் நம் ஜனங்கள் நேரே என்னிடம்தான் வருவார்கள். "ஐயா, அந்த டாக்டருக்குக் கைராசி உண்டுங்களா?" இதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் கைராசி பிறவியில் வருவதல்ல; பழக்கத்தால் வருவது, பழக்கம் விட்டால் போவது.

இருபது வருஷம் பால்மரம் சீவியவராக இருந்தாலும், பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று மண்டோர் வந்து பார்க்கிறாரே! மரத்துக்கே அந்தக் காவல் என்றால் மனுஷ உடம்புக்கு வேண்டாமா?

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி டாக்டர்கள் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 20 பயிற்சிப் புள்ளிகள் கேட்கிறார்கள். 2006இல் தொடங்கிய நிபுணர் பதிவேடும் 2017 முதல் மலேசிய மருத்துவ மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புள்ளிகள் பெரும்பாலும் வகுப்புக்குப் போனதைக் காட்டும். கத்தி பிடித்த கையைக் காட்டாது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரியில் 1991 முதல் 1995 வரை, இதய ஆப்பரேஷனுக்குப் பிறகு, எதிர்பார்த்ததை விட 30 முதல் 35 கைக்குழந்தைகள் அதிகமாக இறந்ததாக 2001இல் விசாரணைக் குழு சொன்னது. ஆப்பரேஷன் செய்தவர்கள் பெரிய பட்டம் வாங்கியவர்கள்தான். கணக்கை வைத்துக் கண்காணிக்கத்தான் ஒழுங்கான ஏற்பாடில்லை. 2012 டிசம்பரில்தான், ஐந்தாண்டுக்கு ஒரு முறை டாக்டர்களின் தகுதியை மறுபடி உறுதி செய்யும் முறை அங்கே வந்தது. அமெரிக்காவிலோ 1976லேயே அறுவை நிபுணர் சான்றிதழுக்குப் பத்தாண்டு கெடு வைத்துவிட்டார்கள்.

"இருக்கிற டாக்டரும் பரீட்சைக்குப் போய்விட்டால் சின்ன ஊரில் யார் பார்ப்பது?" என்று சிலர் கேட்பார்கள். நான் பரீட்சை கேட்கவில்லை. சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, அவர் செய்த ஆப்பரேஷன்களின் பலனை மற்ற நிபுணர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். கஷ்டமான நோயாளியை ஏற்றவரை அதற்காகக் குறை சொல்லவும் கூடாது. இல்லையென்றால் அப்படிப்பட்டவர்களை யாருமே தொடமாட்டார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ஆப்பரேஷன் செய்வது யார்? நிபுணர் பதிவேட்டில் இருக்கிறாரா? இதை அடிக்கடி செய்கிறவரா? கேட்பது மரியாதைக் குறைவல்ல. கூச்சமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து கேட்போம்.

ஆனால் பயந்துகொண்டு நாளைத் தள்ளிப் போடாதீர்கள். குடலிறக்கம் இறுகிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. ஊசி போடுகிற எனக்கும் இதே விதி வையுங்கள், மனதார ஏற்கிறேன்.