சொந்த மாடி இருந்தால்தான் சோலாரா?

"நாமே வீட்டுக்கு சோலார் போடுவது எப்படி" என்று யூட்யூபில் தேடிப் பாருங்க. எல்லா வீடியோவிலும் ஒரு பொருள் கண்டிப்பா இருக்கும்: சொந்த மொட்டை மாடி. பேனல், இன்வெர்ட்டர், கேபிள் எல்லாத்துக்கும் கீழே லிங்க் கொடுப்பாங்க. மாடிக்கு மட்டும் லிங்க் கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். சொந்த வீடு இருக்கிறவர் சோலாரைத் தன் கையால் போட வேண்டிய அவசியமே இல்லை. தன் கையால் போட்டால்தான் உண்டு என்ற நிலையில் இருப்பவர் வாடகைக்கு இருக்கிறவர். ஆனா கிரிட்டோடு சேர்ந்த சோலார் பற்றி நம்ம ஊரில் இருக்கும் விதிகள் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதலில் வீட்டுக்காரர் கணக்கைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் பதிவு பெற்ற வெண்டர் போட்டால்தான் அந்தப் பணம் வரும். லேபர் சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாமே இறங்கினால் வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை விட்ட கதைதான். அதே நேரத்தில் மின் நுகர்வோர் உரிமை விதிகளையும் திருத்தினாங்க: 10 கிலோவாட் வரைக்கும் விண்ணப்பம் சரியா இருந்தால், டெக்னிக்கல் ஃபீசிபிலிட்டி ஸ்டடி இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கருதணும். வீட்டுக்காரருக்கு வாசல் நல்லா அகலமாத்தான் திறந்திருக்கு.

பணத்தை விடுங்க, பெரிய சிஸ்டத்தைத் தனியாளா போடுவது ஆபத்தும்கூட. ஒரு 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் ஏறக்குறைய 50 வோல்ட். ஆறு பேனலை சீரீஸில் கோர்த்தால் 300 வோல்ட் டிசி. ஏசி என்றால் கரன்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் விழுந்தாலும் அணைய வாய்ப்பு இருக்கு. டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. அதனாலதான் டிசி பக்கம் சாதாரண ஏசி எம்சிபியை மாட்டக் கூடாது. சில வீடியோவில் அதைத்தான் மாட்டுறாங்க. கமென்ட்டில் "சூப்பர் ப்ரோ" வேற.

அடுத்து காற்று. இதை எலக்ட்ரிக்கல் பசங்க மறந்துடுவோம், சிவில் நண்பர்கள்தான் ஞாபகப்படுத்தணும். ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் செகண்டுக்கு 50 மீட்டர். 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று போட்டால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். அந்த 540 வாட் பேனலின் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். அழுத்தக் குணகம் 1 என்று எளிமையா வைத்துக்கொண்டாலே ஒரு பேனலைத் தூக்கப் பார்க்கும் விசை ஏறக்குறைய 380 கிலோ எடைக்குச் சமம். பேனலின் சொந்த எடை 30 கிலோவைத் தொடாது. நாலு செங்கல் வைத்து ஓரம் கட்டுறவங்க 2016 டிசம்பர் வர்தா புயலை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கட்டும்.

அதனால சொந்த மாடி இருக்கிறவங்களுக்கு என் பதில் சுருக்கமானது: வெண்டரைக் கூப்பிடுங்க. அவர் போடும்போது பக்கத்தில் நின்று எர்த்திங்கையும் டிசி பிரேக்கரையும் செக் பண்ணுங்க. நம்ம படிப்பு அதுக்கு உதவும்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஒரகடத்தில் விக்ரம் சோலார் 2021-ல் 1.3 ஜிகாவாட் பேனல் தொழிற்சாலையைத் திறந்தது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் திறந்ததன் திறன் வருஷத்துக்கு 3.3 ஜிகாவாட். பிள்ளைப்பாக்கத்தில் தயாராவது பெரிய சோலார் பண்ணைகளுக்கான தின் ஃபிலிம் பேனல், வீட்டு மாடிக்கானது இல்லை. இருந்தாலும் அளவு புரியறதுக்காகச் சொல்றேன்: வீட்டுக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் அந்த ஒரே தொழிற்சாலையின் ஒரு வருஷ உற்பத்தி 11 லட்சம் வீட்டுக்குச் சமம். இந்த பெல்ட்டில் பேனல், கார், டயர், போன் என்று செய்து அனுப்பும் ஆட்களில் பெரும்பகுதி எங்கே தூங்குறாங்க? மாத்தூர், வல்லம், படப்பை பக்கம் லைன் வீடுகளில். ஷீட் கூரை, ஒரு ரூமுக்கு மூணு நாலு பேர், சுவரில் ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஓனர் வைத்த ரேட்.

ஓனர் கொள்ளையடிக்கிறார் என்று சட்டென்று சொல்லிடலாம். ஆனா கணக்கு போட்டால் விஷயம் கொஞ்சம் வேற. பத்து ரூம், ரூமுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் என்று வைங்க. ஒவ்வொரு ரூமுக்கும் தனி சர்வீஸ் இருந்தால் ஒவ்வொருத்தர் பில்லும் பூஜ்யம், ஏன்னா வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். பத்து ரூமும் ஒரே சர்வீஸில் தொங்கினால் மொத்தம் 1,000 யூனிட், அடுக்கடுக்கா ஏறி பில் சுமார் 7,000 ரூபாய் வரும். 800 யூனிட்டைத் தாண்டினதும் ஒவ்வொரு யூனிட்டும் 10 ரூபாய்க்கு மேலே. ஓனர் பத்து ரூபாய் வாங்கினால் அவருக்கு 3,000 மிச்சம், அது உண்மைதான். ஆனா மீதி 7,000 அவர் பாக்கெட்டுக்குப் போகலை. ஏழைக்கு என்று கொடுத்த இலவச யூனிட் ரூம் வாசலுக்கு வராமலே மெயின் மீட்டரில் நின்னுடுது.

இந்த ரூமில் இருக்கிற ஒருத்தர் இன்னைக்கே தன் கையால் செய்யக்கூடியது ஆஃப்-கிரிட் மட்டும்தான். 12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன் 30 வாட், 12 மணி நேரம் ஓடினால் 360 வாட்-அவர். இரண்டு 9 வாட் எல்இடி ஐந்து மணி நேரத்துக்கு 90. போன் சார்ஜிங்குக்கு ஒரு 50. மொத்தம் 500. நம்ம ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும், அப்போ 200 வாட் பேனல் 800 வாட்-அவர். வயர், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி இழப்பு எல்லாம் போனாலும் போதும். வோல்டேஜ் குறைவு, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போட்டால் பெரிய ஆபத்தும் இல்லை. செகண்ட் இயர் படிக்கிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிச்சிடலாம்.

ஆனா லாபமா? இல்லை. நாளுக்கு அரை யூனிட் என்றால் மாசத்துக்கு 15 யூனிட், 10 ரூபாய் ரேட்டில் 150 ரூபாய். பேட்டரி விலையை வைத்துப் பார்த்தால் போட்ட காசு திரும்பும் முன்னாடி பேட்டரியே போய்ச் சேர்ந்துடும். கரன்ட் கட்டில் ஃபேன் ஓடும், அவ்வளவுதான். ஒரு விதிவிலக்கு உண்டு: நைட் ஷிஃப்ட் ஆட்கள். காலையில் வந்து படுத்தால் ஷீட் கூரை கொதிக்கும் நேரத்தில்தான் அவங்களுக்கு ஃபேன் வேணும், வெயிலும் அப்போதான் அடிக்குது. அவங்களுக்குச் சின்னப் பேட்டரி போதும்.

பேட்டரியே வேண்டாம், மைக்ரோ இன்வெர்ட்டரை நேரா பிளக்கில் சொருகிட்டா என்ன? ஜெர்மனியில் இதைத்தான் செய்யறாங்க. பால்கனி கம்பியில் இரண்டு பேனலைக் கட்டி, பிளக்கை சாக்கெட்டில் செருகி, ஆன்லைனில் பதிவு பண்ணிட்டா முடிஞ்சது. 2024 மே மாசத்திலிருந்து இன்வெர்ட்டர் வரம்பு 800 வாட். அதே வருஷம் வாடகைக்காரருக்குச் சட்டத்திலேயே உரிமை கொடுத்தாங்க, நியாயமான காரணம் இல்லாமல் ஓனர் மறுக்க முடியாது. பதிவானவை 2025-ல் பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. அமெரிக்காவில் யூட்டா மாநிலமும் 2025-ல் இதற்கு ஒரு சட்டம் போட்டது.

அதையே நம்ம லைன் வீட்டில் வையுங்க. பத்து ரூமில் பத்து பழைய சீலிங் ஃபேன், தலா 75 வாட், மொத்தம் 750. பகலில் பாதி பேர் டியூட்டிக்குப் போனாலும் ஃப்ரிட்ஜ், மோட்டார், நைட் ஷிஃப்ட் ஃபேன் எல்லாம் சேர்ந்து அந்த 800 வாட்டில் பெரும்பகுதியை உள்ளேயே இழுத்துடும். நாளுக்கு 3.2 யூனிட், இரண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 190. அது குறைவது மேல் அடுக்கில், யூனிட் 10 ரூபாய்க்கு மேல் இருக்கும் இடத்தில். பில்லில் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் குறையும். அந்த 2,000 ஓனருக்கா, ரூமில் இருக்கிறவங்களுக்கா என்பது பெரிய கேள்விதான். பேனலை ரூமுக்கு ஒண்ணா, சப்-மீட்டருக்கு உள்பக்கம் செருகினால் ரூமில் இருக்கிறவங்களுக்கு வரும். ரூம் மாறும்போது கழட்டி எடுத்துட்டும் போகலாம்.

எதிர்வாதங்கள் இருக்கு, எதுவும் சும்மா இல்லை. முதலாவது லைன்மேன். ஃபீடரை ஆஃப் பண்ணிட்டு அவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம்ம வீட்டு இன்வெர்ட்டர் கரன்ட் தள்ளினால், அது டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழா ஏறி 11,000 வோல்ட் ஆகும். அதனால்தான் கிரிட் போனதும் தானே அணையும் ஆன்டி-ஐலேண்டிங் கட்டாயம், அதைச் சோதிக்க ஐ.எஸ். 16169 இருக்கு. சான்று இல்லாத மலிவு இன்வெர்ட்டரை ஆன்லைனில் வாங்கிச் செருகுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. இதில் எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது. இரண்டாவது மீட்டர்: பல சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். நாம கரன்ட் கொடுத்து நாமே காசும் கட்டணும். மூன்றாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்குது: லைன் வீட்டு வயரிங். 800 வாட் என்றால் 3.5 ஆம்பியர். அது எம்சிபிக்குப் பின்னாடி இருந்து வருவதால் எம்சிபி கண்ணில் படாது. ஏற்கெனவே மெல்லிய வயரில் இன்டக்‌ஷன் அடுப்பு ஓடும் ரூமில் இது கூடுதல் சூடு. பல ரூமில் மூணாவது பின்னுக்குப் பின்னால் எர்த்தே இருக்காது.

ஆனா இவை எல்லாம் விதி எழுத வேண்டிய காரணங்கள், விதியே இல்லாமல் விட்டு வைக்க வேண்டிய காரணங்கள் இல்லை. வரம்பை 800-க்குப் பதில் 300 வாட்டில் ஆரம்பிக்கலாம். சான்று பெற்ற இன்வெர்ட்டர், எர்த், ஆர்சிசிபி மூணும் கட்டாயம் என்று சொல்லலாம். வெளியே போகும் யூனிட்டுக்குக் காசு கேட்க மாட்டோம், எண்ணாத மீட்டர் மட்டும் கொடுங்க என்று கேட்கலாம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரைவு விதிகளை வெளியிடும்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்குது. அங்கே அசோசியேஷன்கள் எழுதும், கம்பெனிகள் எழுதும். லைன் வீட்டில் இருக்கிறவர் எழுத மாட்டார், அவருக்கு ஷிஃப்ட் இருக்கு. நம்மகிட்ட மெஷின்ஸ் லேப் இருக்கு, பவர் அனலைசர் இருக்கு, ஒவ்வொரு வருஷமும் "ஐஓடி பேஸ்டு ஸ்மார்ட்" என்று ஆரம்பிக்கும் ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்புகளும் இருக்கு. அதில் ஒரே ஒரு பேட்ச் 300 வாட் மைக்ரோ இன்வெர்ட்டரை எடுத்து, கிரிட்டோடு சேர்க்காமல் லேபுக்குள்ளேயே கிரிட் சிமுலேட்டரில் வைத்து மூணு அளவு எடுக்கட்டும்: சப்ளை போனதும் எத்தனை மில்லி செகண்டில் அணையுது, பிளக்கைப் பிடுங்கினதும் பின்னில் எவ்வளவு நேரம் வோல்டேஜ் நிக்குது, ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் எவ்வளவு சூடாகுது. அந்த மூணு கிராஃபையும் தமிழில் ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து ஆணையத்துக்கு அனுப்பலாம். அடுத்த செமஸ்டர் புராஜெக்ட் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கு.