செத்த எலிக்கு எந்த எண்?

மழைக்காலம் நெருங்கி வருகிறது. கிடங்கில் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுவதும், கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் ஆண்டுதோறும் நாம் செய்கிற வேலைகள்தாம். இந்த ஆண்டு அவற்றோடு ஒரு கேள்வியையும் வணிகப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம் கிடங்கில் திடீரென்று நாலைந்து எலிகள் செத்துக் கிடந்தால் யாரிடம் சொல்வோம்?

உண்மையைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டோம். கடைப் பையனைக் கூப்பிட்டுக் காகிதத்தில் சுருட்டித் தெருக்கோடிச் சாக்கடையில் போடச் சொல்வோம். அந்த இடத்தில் கொஞ்சம் பினாயில் தெளிப்போம். வாடிக்கையாளர் காதில் விழுந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது ஒரு பயம். அதிகாரி காதில் விழுந்தால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார் என்பது இன்னொரு பயம். இரண்டும் காரணமில்லாத பயங்கள் அல்ல. ஆனால் எலி சொல்லும் சேதி உரிய நேரத்தில் உரியவர் காதுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1994-ல் நாடு பார்த்தது.

1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலம் லாத்தூர் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. வீடுகள் இடிந்து மக்கள் கொட்டகைகளுக்குப் போனார்கள். சேமித்த தானியம் இடிபாடுகளுக்குள் தங்கிவிட, எலிகள் பெருகின. மறு ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து பீட் மாவட்டத்தின் மாம்லா கிராமத்தில் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மக்களுக்கு நெறி கட்டிக் காய்ச்சல் கண்டது. செப்டம்பரில், வெள்ளம் வடிந்து குப்பையும் செத்த கால்நடைகளும் அழுகிக் கிடந்த சூரத்தில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி வந்தது. சில நாட்களில் பல லட்சம் பேர் ஊரைக் காலி செய்தார்கள். ஜவுளியும் வைரத் தொழிலும் நின்றன. சில நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களையே நிறுத்தின. சில, நம் சரக்கை வாங்க மறுத்தன. நாடு முழுவதும் பிளேக் என்று கணக்கிடப்பட்டவர்கள் 693 பேர். இறந்தவர்கள் 56 பேர். நோய் தொட்டது சில நூறு பேரை. பீதி தொட்டது பல லட்சம் குடும்பங்களின் பிழைப்பை.

இதில் வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிளேக் கிருமியை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடம்பு ஆறியதும் தெள்ளு அதை விட்டு வேறு உடம்பு தேடும். ஆகவே பிளேக் காலத்தில் முதலில் தெள்ளுக்கு மருந்து அடித்து, அதற்குப் பிறகே எலியைக் கொல்ல வேண்டும். முறை மாறினால் நாமே நோயை வீட்டுக்கு அழைத்தவர்கள் ஆவோம். எலி, தெள்ளு, சாக்கடை, மனிதன் எல்லாம் ஒரே சங்கிலி. ஆனால் அலுவலகங்களோ மூன்று. மனிதன் சுகாதாரத் துறைக்கு, விலங்கு கால்நடைத் துறைக்கு, சாக்கடை நகராட்சிக்கு!

பிளேக் பழைய கதை என்று சொல்பவர்கள் எலிக்காய்ச்சலைப் பார்க்கட்டும். எலியின் சிறுநீர் மழைநீரில் கலக்கிறது. அதில் வெறுங்காலோடு மூட்டை சுமக்கும் தொழிலாளியின் பாத வெடிப்பு வழியே கிருமி உள்ளே போகிறது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் மருந்தில் தீரும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். இதே கிருமி மாட்டுக்கும் பன்றிக்கும் நாய்க்கும் வரும். பேட்டையில் பசுக்களுக்குக் கரு கலைந்தால் கால்நடை மருத்துவர் அறிவார். அந்தச் சேதி அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குப் போகிறதா? அங்கே காய்ச்சலோடு படுத்திருக்கும் நம் சுமைதூக்கும் தொழிலாளிக்கு அது உயிர் காக்கும் சேதியல்லவா?

பறவைக் காய்ச்சலையும் நாம் மறக்கவில்லை. 2006 பிப்ரவரியில் அது மராட்டியத்தின் நவாபூரில் கண்டுபிடிக்கப்பட்டது. நாமக்கல் கோழிகளுக்கு நோய் இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது. அழிக்கப்பட்ட கோழிகளுக்கு இழப்பீடு தர அரசிடம் திட்டம் உண்டு. பீதியால் விற்காமல் போன முட்டைக்குக் கடைக்காரர் யாரிடம் போவது? எது நோய், எது வதந்தி என்று அன்றே ஒரே குரலில் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் இந்த நட்டத்தில் பாதியாவது தப்பியிருக்கும் என்பது நம் கருத்து.

மனிதன், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், உலக விலங்குகள் சுகாதார நிறுவனம், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும் 2022-ல் கூட்டுச் செயல்திட்டமே வெளியிட்டன. அதே ஆண்டு நாக்பூரில் இதற்கென ஒரு தேசிய நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் நாக்பூரில் உள்ள ஏற்பாடு நம் மண்டித் தெருவுக்கு வர வேண்டாமா? மனிதனுக்குக் காய்ச்சல் என்றால் 104. மாட்டுக்கு நோய் என்றால் 1962. செத்த எலிக்கு எந்த எண்?

எனவே அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எலி, கோழி, காகம், மாடு எது கூட்டமாகச் செத்தாலும் சொல்வதற்கு வட்டாரந்தோறும் ஒரே இடம் வேண்டும். அங்கே சொன்னது மூன்று துறைகளுக்கும் அன்றே போக வேண்டும். இரண்டு, தானாக முன்வந்து சொன்ன வியாபாரியைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது. சொன்னவன் கடைக்குச் சீல், சொல்லாதவன் கடையில் வியாபாரம் என்றால் யார் வாயைத் திறப்பார்? மூன்று, நோய்த் தடுப்புக்காகக் கடையை மூடச் சொன்னால் அதன் இழப்பில் அரசு பங்கேற்க வேண்டும்.

கேட்பதற்கு முன் நம் பங்கையும் செய்தாக வேண்டும். கடைக் கழிவைக் கொட்டி எலிக்கு விருந்து வைப்பதும் நாம்தான். மூட்டைகளைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி அடுக்குவோம். எலி வரும் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைப்போம். செத்த எலியை வெறுங்கையால் தொட விடமாட்டோம். மழை நாளில் சுமைதூக்குபவர்களுக்கு ரப்பர் காலணி வாங்கித் தருவோம். காய்ச்சல் என்று வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, எலி உள்ள கிடங்கில் வேலை செய்பவர் என்பதையும் டாக்டரிடம் சொல்லி அனுப்புவோம்.

சூரத் அப்படியே கிடக்கவில்லை. 1995-ல் அங்கு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் காலத்தில் குப்பை அகற்றுவது அன்றாட வேலையாயிற்று. அசுத்தம் செய்த கடைகளுக்கு அபராதமும் விழுந்தது. இன்று நாட்டின் மிகத் தூய்மையான நகரங்களில் சூரத்தும் ஒன்று. அங்குள்ள வணிகர்கள் பட்ட பிறகு கற்றார்கள். நாம் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்பது நம் விருப்பம். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை மழைக்கு முன்பே எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.